ஆள் இருக்கும் வீடா, காலி வீடா?

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் மண்டபத்திலிருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் கரையில் பொறுக்கிய சங்கு, சிப்பியையெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இறுக மூடி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். நடு ராத்திரியில் பாட்டிலுக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். பயத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேனே தவிர, எழுந்து பார்க்கவில்லை. காலையில் பார்த்தால் மூன்று சங்குகளிலிருந்து செம்பழுப்பு நிறக் கால்கள் வெளியே தொங்கிக் கிடந்தன. நாற்றம் வேறு. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, ஆள் குடியிருக்கிற வீட்டையா பேத்துக்கிட்டு வந்தே?"

கரையில் எதைக் கண்டாலும் இன்றைக்கும் நான் முதலில் கேட்டுக்கொள்வது அதைத்தான். ஆள் இருக்கிறதா, காலியா? காலி என்றால் கட்டியது யார்? ஆளைத் தீர்த்தது யார்? நடுவில் யாராவது வாடகைக்கு இருந்தார்களா? பதில் பெரும்பாலும் அந்த ஓட்டிலேயே எழுதியிருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன், நான் நடந்து பழகிய மண்டபம், ராமேஸ்வரம் கரைகளை வைத்தே.

பெண் கடலும் ஆண் கடலும்

மண்டபம், கடலுக்குள் நாக்கை நீட்டியதுபோல் கிடக்கும் நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நடந்தே போய்விடலாம். வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்பார்கள் இந்தப் பக்கத்தில். வடக்கே அலை அடங்கிக் குளம்போல் கிடக்கும், தெற்கே இரைந்துகொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். (எங்கள் அத்தையைப் பார்த்தவர்கள் இந்தப் பெயர்ப் பொருத்தத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வேறு கதை.)

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. அடியில் சேறும் மணலும், அதன்மேல் பாய் விரித்ததுபோல் கடற்புல். 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரைத்தான் இந்தக் கடலுக்கு வைத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடா பக்கம் கதை வேறு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 சின்னத் தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986இல் இதைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

இதனால் என்ன ஆகும்? வடக்குக் கரையில் சேற்றிலும் புல்லிலும் வாழ்கிறவற்றின் ஓடுகள் ஒதுங்கும். தெற்குக் கரையில் பவளத் துண்டுகளும், பாறையை ஒட்டி வாழ்கிறவற்றின் ஓடுகளும் அதிகம் கிடைக்கும். காலமும் ஒரு கணக்கு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்து அந்தக் கரையை நிரப்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கியதும் பெண் கடலுக்கே கோபம் வந்துவிடும். அது ஓய்ந்த இரண்டு மூன்று நாளில் வடக்குக் கரைக்குப் போனால் வைக்கோல் போர் போலக் கடற்புல் குவிந்து கிடக்கும். அதைக் குச்சியால் கிளறுங்கள். கையால் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று: தண்ணீர் ஓரத்திலேயே தேடாதீர்கள். உயர்ந்த அலை எதுவரை வந்து போனதோ அங்கே குப்பை ஒரு கோடாகத் தங்கியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் கூடுதலாக ஏறும் என்பதால் அந்த நாள் கோடு இன்னும் மேலே இருக்கும். இரண்டு மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், மேலே இருப்பது பழசு. காய்ந்து, வெளுத்து, நாற்றமில்லாமல் இருக்கும். புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவது மூக்குக்கும் நல்லது.

ஓடு என்றால் என்ன

நத்தை, சங்கு, சிப்பி, கணவாய் எல்லாம் ஒரே பெரிய குடும்பம். எலும்பில்லாத மெல்லுடலிகள். இவற்றின் உடம்பைச் சுற்றிப் போர்வை மாதிரி ஒரு தோல் மடிப்பு உண்டு. கடல் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, அந்த மடிப்பின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டைக் கட்டிக்கொண்டே போகிறது. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். சங்குக்கு அந்த வசதி இல்லை. பிறந்தபோது கட்டிய வீட்டுக்கே முன்பக்கம் முன்பக்கமாக நீட்டிக் கட்ட வேண்டியதுதான். அதனால் எந்தச் சங்கை எடுத்தாலும் கூர்முனையில் குண்டூசித் தலை அளவுக்கு இருப்பது அதன் குழந்தைப் பருவம், வாய் விளிம்பு அது செத்த நாள். நடுவிலே வரிவரியாகத் தெரிவது அது நின்று நின்று வளர்ந்த தடம்.

ஒற்றை ஓடு சுருண்டு வந்தால் சங்கு, சோழி, நத்தை வகை. இரண்டு ஓடு, கதவுபோல் ஒரு பக்கம் கீலால் சேர்ந்திருந்தால் சிப்பி, மட்டி, ஆளி வகை. கரையில் நாம் பார்க்கும் பெரும்பாலான சிப்பிகள் ஒற்றைக் கதவுகள்தான். கீலாக இருந்த தசைநார் அழுகியதும் இரண்டும் பிரிந்துவிடும். இரண்டும் சேர்ந்தபடி கிடைத்தால் அது செத்து அதிக நாள் ஆகவில்லை.

எல்லாமே சுண்ணாம்பு என்பதற்கு நம் வெற்றிலைப் பெட்டியே சாட்சி. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதைத்தான் வெற்றிலையில் தடவுகிறோம், அந்தக் காலத்தில் சுவருக்கும் பூசினோம். சங்கைச் சுட்டாலும் வெள்ளை போகாது என்று பெரியவர்கள் குணத்துக்கு உவமை சொன்னார்கள். வேதியியலாகவும் அது சரியாகத்தான் இருக்கிறது.

சங்கு: வலமா, இடமா

நாம் ஊதுகிற, பூஜையில் வைக்கிற, குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு எல்லாம் ஒரே இனம். மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் அதற்குத் தாய்வீடு. மணலில் பாதி புதைந்து, புழுக்களைத் தின்று வாழும். உயிரோடு இருக்கும்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. மேலே பழுப்பு நிறத்தில் தடித்த தோல் ஒன்று மூடியிருக்கும். அதைச் சுரண்டித் தேய்த்த பிறகுதான் நமக்குத் தெரிந்த வெள்ளை வருகிறது. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையல் இந்தச் சங்கை அறுத்துச் செய்வது. நம் கடலில் மூழ்கி எடுத்த சங்கு பல தலைமுறைகளாக அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

இனி அந்த வலம்புரி விவகாரம். ஒரு சாதாரணச் சங்கை எடுத்து, சுருள் முனை மேலே இருக்கும்படியும் வாய் உங்களைப் பார்க்கும்படியும் பிடியுங்கள். வாய் வலது கைப் பக்கம் இருக்கும். உலகத்தில் பெரும்பாலான சங்கு, நத்தைகள் இப்படித்தான். உயிரியல்காரர்கள் இதை வலப்புறச் சுருள் என்பார்கள். ஆனால் நாம் இதே சங்கை இடம்புரி என்கிறோமே? பெருமாள் கையில் சங்கு எப்படி இருக்கிறது என்று யோசியுங்கள். வால் மேலே, சுருள் கீழே. கையிலிருப்பதை அப்படித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், வாய் இடது பக்கம் வந்துவிடும். ஆகவே இடம்புரி. இந்தப் பிடியில் வாய் வலது பக்கம் இருக்கும் அபூர்வச் சங்குதான் வலம்புரி. அதாவது நம் வலம்புரி அவர்கள் கணக்கில் இடப்புறச் சுருள். இரண்டு பேரும் சொல்வது சரி, பிடிக்கிற விதம்தான் வேறு.

வலம்புரி என்பது தனி இனம் கிடையாது. அதே இனத்தில் எப்போதோ ஒன்று திரும்பிப் பிறப்பதுதான். அந்த அபூர்வம்தான் ஏமாற்றுக்கும் இடம் கொடுக்கிறது. என் மாமா ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து 'வலம்புரி' வாங்கி வந்து, பட்டுத் துணி விரித்து வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். வாய் சரியான பக்கம்தான் இருந்தது. ஆனால் உள்ளே விரலை விட்டு நடுத்தண்டைத் தடவினால் வழவழவென்று இருந்தது. நம் சங்கில் அந்த நடுத்தண்டில் திருகுப் போல மூன்று நான்கு தடித்த மடிப்புகள் நன்றாகக் கைக்குத் தட்டுப்படும். அது இல்லையென்றால் சங்கு நம் கடலுடையது இல்லை. அமெரிக்கப் பக்கம், மெக்ஸிகோ வளைகுடாவில் ஒரு சங்கினம் இருக்கிறது. அதில் இயல்பாகவே எல்லாம் அந்தப் பக்கம்தான் சுருளும், அங்கே அது சாதாரணச் சரக்கு. அதுதான் இங்கே பட்டுத் துணிக்கு வந்துவிடுகிறது. மாமாவிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள். பூஜை இன்னும் நடக்கிறது.

கரையில் ஒதுங்கும் இன்னொரு பொருளைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். ஆட்டுக்கடா கொம்பு போல முறுக்கி, ஒரு சாண் நீளத்துக்கு, தோல்போல மஞ்சளும் பழுப்புமாக, அடுக்கடுக்காக அறைகள் வைத்தது. அது சங்கின் முட்டைக்கூடு. அடிப்பக்கத்தை மணலில் ஊன்றி நிற்கும். ஒவ்வொரு அறையிலும் முட்டைகள். வெளியே வரும்போதே குஞ்சுகள் விரல்நக அளவுச் சங்காக ஊர்ந்து வரும். கரையில் கிடைப்பது அநேகமாகக் காலிக் கூடுதான். ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகலவென்று ஏதாவது உருண்டால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

சோழி ஏன் பளபளக்கிறது

தாயம் உருட்டும் சோழி செய்ததுபோல் அத்தனை வழவழப்பாக இருப்பதற்குக் காரணம், முன்னால் சொன்ன அந்தப் போர்வைத் தோல். மற்றவை அதை வாய் விளிம்போடு நிறுத்திக்கொள்ளும். சோழியோ இரண்டு பக்கமும் வெளியே இழுத்து முதுகையே மூடிக்கொள்ளும். உயிரோடு இருக்கும் வரை ஓட்டின் முதுகில் எதுவும் உரசாது, எதுவும் ஒட்டாது. வெளியிலிருந்தும் பூச்சுப் பூசிக்கொண்டே இருக்கும். கரையில் உருண்டு தேய்ந்த சிறு சோழிகளில் மேல்பூச்சு போய் ஊதா நிறம் எட்டிப் பார்க்கும். அதைத் தனி இனம் என்று நினைத்து நான் ஒரு டப்பா சேர்த்து வைத்திருந்தேன்.

சிப்பியைத் திருப்பிப் பாருங்கள்

எல்லோரும் சிப்பியின் வெளிப்பக்கத்தைப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். விஷயம் உள்பக்கத்தில் இருக்கிறது. ஒரு மட்டி ஓட்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு ஓரத்திலும் வட்டமாக இரண்டு தழும்பு தெரியும். கதவை இழுத்துச் சாத்திய தசைகள் ஒட்டியிருந்த இடம் அது. இரண்டையும் சேர்த்து விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு நேராக ஓடினால் அது மேலாக வாழ்ந்த பிராணி. ஒரு பக்கம் உள்ளே குடா போலக் குழிந்து வளைந்தால், மணலுக்குள் புதைந்து வாழ்ந்தது. புதைந்தவற்றுக்கு மேலே தண்ணீரை எட்ட இரண்டு குழாய்கள் வேண்டும். ஆபத்து என்றால் அவற்றை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடம்தான் அந்தக் குழிவு. குழிவு ஆழமாக இருந்தால் ஆழமாகப் புதைந்தது என்று ஏறக்குறைய ஊகிக்கலாம். செத்த பிராணியின் வாழ்க்கையை ஒரு கோடு சொல்லிவிடுகிறது பாருங்கள். எனக்கு இது தெரிந்த அன்றைக்கு நாள் முழுக்கச் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீல் இருந்த விளிம்பையும் பாருங்கள். சிலதில் இரண்டு மூன்று பல்தான் இருக்கும். மேலே விசிறி மடிப்புப் போல வரிகள் உள்ள தடித்த சிப்பி ஒன்று வடக்குக் கரையில் நிறையக் கிடைக்கும். அதில் கீல் முழுக்க ரம்பம்போலப் பொடிப் பற்கள். இந்த வகையில் சிலவற்றுக்கு நம்மைப்போலவே ரத்தம் சிவப்பு. சேற்றில் உயிர்க்காற்று குறைவு, கிடைப்பதைப் பிடித்து வைக்க அதற்கும் ஹீமோகுளோபின் தேவைப்படுகிறது.

உள்பக்கம் வானவில் போல மின்னினால் முத்துச்சிப்பியின் உறவு. அந்த மினுக்கு அடுக்கைத்தான் சிப்பி உள்ளே சிக்கிய அந்நியப் பொருளைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூசுகிறது, அது முத்து. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு இல்லை. கரையில் கிடைக்கும் துண்டில் முத்து இருக்குமா என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். இருக்காது.

கறுப்பாக, கரி பூசியதுபோல் இருக்கும் சிப்பிகளைத் தூக்கி எறியாதீர்கள். காற்றுப் புகாத சேற்றில் நெடுங்காலம் புதைந்து கிடந்து, இரும்பும் கந்தகமும் சேர்ந்து ஏறிய கறுப்பு அது. ஓடு முழுக்கச் சல்லடை மாதிரிப் பொத்தல் விழுந்திருந்தால் அதைக் குடைந்தது ஒருவகைக் கடற்பஞ்சு.

ஒற்றைத் துளை: ஒரு கொலை வழக்கு

சிப்பியின் கீல் பக்கம் ஊசி கோத்ததுபோல ஒரே ஒரு வட்டத் துளை. இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அத்தை வீட்டுப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இவற்றைத் தேடி எடுத்து மாலை கோப்பார்கள், 'கடவுளே ஓட்டை போட்டுக் குடுத்திருக்கு' என்று. போட்டது கடவுள் இல்லை, இன்னொரு நத்தை.

உருண்டையாக, வழவழப்பாக, நிலாப்போல ஒரு நத்தை மணலுக்குள் ஊர்ந்து திரியும். மட்டி கிடைத்தால் தன் பெரிய பாதத்தால் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஓட்டைக் கரைக்கும் அமிலம் ஒன்றைத் தடவும், அரம்போன்ற நாக்கால் சுரண்டும், மறுபடி தடவும், மறுபடி சுரண்டும். அவசரமே கிடையாது. மணிக்கணக்கில் வேலை நடக்கும். துளை விழுந்ததும் உள்ளே வாயை நீட்டி மட்டியை அப்படியே தின்றுவிடும்.

துளையை உற்றுப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். மேலே அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகியும், மரத்தில் திருகாணித் தலை உட்கார ஆசாரி குடைந்த குழி போல இருந்தால் நிலா நத்தை. சுவர் நேராக, துரப்பணம் போட்டதுபோல இருந்தால் முள்ளுச் சங்கு வகையின் வேலை. பாதி குடைந்து நின்ற துளையும் கிடைக்கும். மட்டி தப்பித்திருக்கிறது, அல்லது கொலைகாரனையே வேறு யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள்.

இதே நிலா நத்தையின் இன்னொரு வேலை, கடல் வற்றும்போது மணல் திட்டில் தெரியும். உடைந்த மண்சட்டியின் கழுத்துப் போல, வட்டமாக, மணலாலேயே செய்த ஒரு பட்டை. ஈரமாக இருக்கும்போது ரப்பர் மாதிரி வளையும், காய்ந்தால் பொடியாகிவிடும். யாரோ போட்ட குப்பை என்று பலரும் மிதித்துக்கொண்டு போவார்கள். அது முட்டைத் தொட்டில். மணலையும் தன் கோழையையும் பிசைந்து நடுவில் ஆயிரக்கணக்கான முட்டைகளை வைத்து நத்தை கட்டியது.

கூடு விட்டுக் கூடு பாய்கிறவர்

என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் செத்தது துறவி நண்டு. பாடப்புத்தகப் பெயர் அது. துறவி எல்லாம் ஒன்றுமில்லை, வீட்டு ஆசை அதற்கு அதிகம். முன்பக்கம்தான் கெட்டி ஓடு, பின்பக்கம் வயிறு மெத்தென்று இருக்கும். அதை ஒளித்துக்கொள்ள யாரோ கட்டிச் செத்துப்போன சங்கில் நுழைந்துகொள்ளும். வளர வளரப் பெரிய வீடு வேண்டும். சரியான சங்கு ஒன்று கரையில் ஒதுங்கினால் நண்டுகள் கூடிவிடும். சில வகைகள் பெரியது முதல் சிறியது வரை வரிசையாகவே நிற்கும். முதல் நண்டு புது வீட்டுக்குத் தாவியதும், அது விட்டதில் இரண்டாவது, அது விட்டதில் மூன்றாவது. ரேஷன் கடையில்கூட அத்தனை ஒழுங்கைப் பார்க்க முடியாது.

நல்ல, உடையாத சங்கு நமக்கு அலமாரிப் பொருள், அதற்கு ஒரு குடும்பமே வரிசையில் நிற்கும் வீடு. ஆகவே உடையாததை எல்லாம் வாரிக்கொள்ள வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சங்கை ஈர மணலில் வாய் கீழாக வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஆள் இருந்தால் எழுந்து நடக்கும். வாயில் மூடிபோல ஒரு தகடு இறுக அடைத்திருந்தால் அது கட்டியவரே உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

ஓடில்லாதவை

வெள்ளையாக, படகு வடிவில், நகத்தால் கீறினால் மாவாக உதிரும் ஒன்று கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது இதைத்தான், லவ்பேர்ட்ஸ் கூண்டிலும் செருகி வைப்பார்கள். பெயரைக் கேட்டு நுரை உறைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அது கணவாயின் உள் ஓடு. உடைத்துப் பார்த்தால் காகிதம் அடுக்கியதுபோல மெல்லிய அடுக்குகள். நடுவிலுள்ள பொடி அறைகளில் தண்ணீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துக் கணவாய் மேலே கீழே போகிறது. செத்த பிறகும் அந்த வாயுவால்தான் இது மிதந்து கரைக்கு வருகிறது.

அப்பளம் மாதிரித் தட்டையாக, மேலே ஐந்து இதழ்ப் பூ பொறித்ததுபோல இருப்பது கடல் முள்ளெலியின் தட்டை வகை. அப்பளம் மாதிரியே உடையும், பையில் போட்டால் வீடு வந்து சேராது. உயிரோடு இருந்தால் நிறம் கருத்து, மேலே வெல்வெட் போலக் குட்டி முட்கள் அசையும். வெளுத்திருந்தால் மட்டும் எடுங்கள்.

கடற்பாசியும் ஒதுங்கும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பெயர் சொல்லிப் பிரிக்க ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்களால்தான் முடியும். தலைமுறையாக முங்கிப் பறித்த கைகள் அவை. நான் கட்டக்கோரை என்று நீட்டியதைப் பார்த்து ஒரு அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

தொடக்கூடாதவை

கையால் கிளற வேண்டாம் என்றதற்குக் காரணம் சொறி. ஜெல்லி மீன் என்றால் உங்களுக்குப் புரியும். கரையில் செத்துக் கிடந்தாலும் அதன் கொட்டும் செல்கள் வேலை செய்யும். கடற்புல் குவியலுக்குள் அதன் இழை ஒட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. நீல நிறத்தில் பலூன் ஊதியதுபோல ஒன்று வாலோடு கிடந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். பிள்ளைகளுக்குத்தான் அந்த நீலத்தின்மேல் ஆசை வரும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழையை அட்டை, குச்சி எதையாவது வைத்து எடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது, கூம்புச் சங்கு. ஐஸ்கிரீம் கோன் வடிவம், மேலே மொசைக் தரைபோல அழகான கோலம். காலி ஓடு என்றால் பயமில்லை. ஆள் இருந்தால் உள்ளிருந்து விஷ ஈட்டி ஒன்றை நீட்டிக் குத்தும். இந்தக் குடும்பத்தில் மீன் தின்னும் சில இனங்கள் மனிதரையே கொன்றிருக்கின்றன. அந்த விஷத்திலேயே மருந்தும் இருக்கிறது. ஒரு கூம்புச் சங்கின் விஷத்தைப் பார்த்துச் செய்த வலி மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதுகுத் தண்டுக்குள் செலுத்துகிற, வேறு எதற்கும் அடங்காத வலிக்கான மருந்து.

மூன்றாவது, சட்டம் தொடக்கூடாது என்பவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் கடல் உயிர்கள் பல சேர்க்கப்பட்டன. கடலட்டை, கடல் குதிரை, பவளம், ராட்சதச் சிப்பி வகைகள் சில, அறை அறையாகச் சுருண்ட நாட்டிலஸ் எல்லாம் அதில் உண்டு. செத்து ஒதுங்கியதுதானே என்று பவளத் துண்டைப் பையில் போடுவதும் வம்புதான். கடலட்டை பார்க்க அழுக்குப் புடலங்காய் மாதிரி இருக்கும். நாம் யாரும் சாப்பிடுவதில்லை, ஆனால் கிழக்காசியாவில் அதற்குப் பெரிய விலை, அதனால்தான் இந்தக் கடலில் கடத்தல். மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலை வெளியே விடுவது அதன் பிழைப்பு. ஆமையோ, ஆவுளியா என்று இங்கே சொல்லும் கடற்பசுவோ ஒதுங்கியிருந்தால் செல்ஃபி எடுப்பதற்கு முன் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடற்பசுவுக்காகவே 2022இல் பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

காலி ஓட்டை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊற வையுங்கள், தண்ணீரை மாற்றிக்கொண்டே. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காய வைத்தால் போதும். ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்று சொல்வார்கள். ஆகும், சுண்ணாம்பு கரைந்து வரிகளும் சேர்ந்து போகும். நிறம் மங்கினால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள்.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. தேதி, ஊர், வடக்குக் கரையா தெற்குக் கரையா, இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே போட்டு வையுங்கள். பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை ஒன்று மண்டபத்திலேயே இருக்கிறது. மீன் ஏலக் கூடத்தில் வலை பிரிக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் பதில் சீக்கிரம் கிடைக்கும். என்னிடம் இப்போது நாற்பது சொச்சம் டப்பாக்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் சீட்டு உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டில் அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில் இப்போது புளி இருக்கிறது.